அடுக்களை வழியாகப் போன வெற்றி

ரோமின் வெற்றி ஊர்வலம் ஒப்பியாவின் அடுக்களை வழியாகத்தான் போகும். கிழக்கு வாசலில் நுழையும். அடுப்பைச் சுற்றிக்கொண்டு மேற்கு வாசலில் வெளியேறும். தலைநகரத்துக்கு அதுதான் குறுக்கு வழி என்று எப்போதோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். முன்பெல்லாம் ஒரு போர் முடிந்தால் ஒரு ஊர்வலம் வரும். இப்போது போர்கள் முடிவதில்லை. அதனால் ஊர்வலமும் முடிவதில்லை.

ஒப்பியா அதற்கு நடுவில் சமைத்தாள். யானைகள் வரும்போது கஞ்சிப் பானையை மூடிவைத்தாள். போரில் பறித்துவந்த வெள்ளிச் சிலைகள் உத்தரத்தில் இடித்தன. சிலைகளைச் சுமந்தவர்கள் வீட்டை இவ்வளவு தாழ்வாகக் கட்டியதற்காக அவளைத் திட்டினார்கள். அவளும் திட்டினாள். முரசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் கணவன் நூமேரியுஸ் ஸ்பெயினில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அறுவடை முடிந்ததும் போனவன், விதைப்புக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு எத்தனையோ விதைப்புகள் வந்து போய்விட்டன.

அவன் அங்கே நாடு பிடிக்கப் பிடிக்க இங்கே வயல் குறைந்தது. யாரும் வேலியைப் பிடுங்கவில்லை. வெற்றிச் செய்தி வந்த மறுநாள் காலையில் வேலி தானாகவே நடந்து சற்று உள்ளே தள்ளி நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் செனட்டர் லார்கஸின் பண்ணை.

ஒப்பியா அவர் மாளிகைக்கே போய்க் கேட்டாள். லார்கஸ் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லி ஆலிவ் பழம் கொடுத்தார்.

“நான் எடுக்கலம்மா. அதுவா வருது. வர்றதைப் போய் வேணாம்னு எப்படிச் சொல்றது?”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒப்பியாவின் அத்திமரம் ஜன்னலைக் கடந்து அவர் தோட்டத்துக்குள் போயிற்று. அவள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஆலிவ் கொட்டையை அவருடைய பளிங்குத் தரையில் துப்பிவிட்டு வந்துவிட்டாள்.

அவ்வளவு நிலத்தை உழ லார்கஸுக்கு ஆள் வேண்டும். ஊர்வலத்தில் வந்த கைதிகளில் சிலரை அவர் பண்ணையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவன் ஒருநாள் ஒப்பியாவிடம் தண்ணீர் கேட்டு வந்தான். ஸ்பெயின்காரன். பெயர் அம்பாட்டோ என்றான். இரண்டு மணிக்கட்டுகளும் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தன. அப்படியே உழுகிறானாம்.

தண்ணீர் ஊற்றப் போனவள் கை நின்றது. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு. கயிற்றின் வாலை மடித்து உள்ளே செருகி அப்படிப் போடுகிறவன் ஊரிலேயே ஒருவன்தான்.

“யாருப்பா இதைக் கட்டுனது?”

“உயரமா ஒரு ஆளு. அழுதுகிட்டேதான் கட்டுனான். ஆனா இறுக்கமாக் கட்டுனான்.”

எந்த வயலை உழுகிறாய் என்று கேட்டாள். அவன் தாடையால் சுட்டிக் காட்டினான். நூமேரியுஸ் விதைப்பதாகச் சொல்லிவிட்டுப் போன வயல் அது.

ஒப்பியா முடிச்சின் வாலைப் பிடித்து இழுத்தாள். கயிறு கழன்று விழுந்தது. அம்பாட்டோ நன்றி சொல்லவில்லை. அடுப்போரம் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கிழக்கு வாசல் வழியாக நூமேரியுஸ் வந்தான். யானைக்குப் பின்னால், வரிசையில் நடந்து வந்தான். தலை நரைத்திருந்தது. வரிசையை விட்டு விலகக் கூடாது என்று அவளிடம் முணுமுணுத்தான். அவள் இடைவாரைப் பிடித்து வெளியே இழுத்தாள். உடம்பு வந்துவிட்டது. கால்கள் மட்டும் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன.

ஒரு படை அதிகாரி ஒதுங்கி நின்று விளக்கினார். நல்ல மனிதர்தான். சொந்த நிலத்தில் இரண்டு காலையும் ஊன்றினால்தான் ஒரு வீரனுக்கு விடுதலை, சட்டம் அப்படி என்றார்.

நிலம் எங்கே என்று நூமேரியுஸ் கேட்டான். ஒப்பியா காட்டினாள். வேலி அதற்குள் வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாதம் கொள்ளும் அளவு மண் மீதியிருந்தது. அவன் வலது காலை அதில் வைத்தான். அது நின்றது. இடது காலுக்கு இடமில்லை. அது நடந்துகொண்டே இருந்தது. அதிகாரியும் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே ஆரவாரம் கேட்டது. மாசிடோனியா நாடும் ரோமிடம் விழுந்துவிட்டதாம். அடுப்போர மண் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியது. வலது காலும் மறுபடி நடக்கத் தொடங்கியது.

“ஜெயிச்சுட்டோம்” என்றான் நூமேரியுஸ், பழக்கத்தில்.

“யாரு?” என்றாள் ஒப்பியா. “நம்ம நெலத்தை உழறதுக்கு நீங்களே ஒரு ஆளைக் கட்டி அனுப்பியிருக்கீங்க. அவரு வந்து சேர்ந்துட்டாரு. நீங்கதான் வரல.”

நூமேரியுஸ் அடுப்போரம் பார்த்தான். அம்பாட்டோ ஏற்கெனவே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். 

தூரத்தில் தளபதியின் தேர் தெரிந்தது. வென்ற தளபதிகளின் வழக்கப்படி முகத்தில் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்.  ஒப்பியா நேரே போய்க் கிழக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே இருந்த ஊர்வலக்காரர்கள், அதிகாரி உட்பட, மேற்கு வாசலில் வடிந்து போனார்கள்.

வெளியே ஊர்வலம் முட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் சாலை, சாலைக்குப் பின்னால் கடல், கடலுக்குப் பின்னால் ஸ்பெயின், எல்லாம் வந்து கதவை அழுத்தின. அவள் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தாள். நூமேரியுஸும் பக்கத்தில் வந்து சாய்ந்தான். அவன் கால்கள் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தன.

கடைசியாக அம்பாட்டோ எழுந்து வந்தான்.

“உனக்காக இல்ல” என்றான் நூமேரியுஸிடம். “எங்க ஊர் ஆளுங்க இன்னும் பின்னாடி வந்துகிட்டிருக்காங்க. அவங்க திரும்பிப் போகட்டும்.”

கதவு தட்டப்பட்டது.

“யாரது?” என்றாள் ஒப்பியா.

“ரோம்.”

“எவ்வளவு பெருசு?”

வெளியே தங்களுக்குள் ஏதோ கலந்து பேசினார்கள்.

“இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடல் வரைக்கும். இன்னும் வளருது.”

“அவ்வளவு எடம் இருக்குல்ல?” என்றாள் ஒப்பியா. “சுத்திப் போ.”

கதவு ஒரு விரற்கடை உள்ளே வளைந்தது. மூன்று பேரும் முதுகை இன்னும் அழுத்தினார்கள்.