பங்கில் சேராத ஓஸ்

எங்கள் அப்பா சாகும்போது விட்டுப்போனவை ஒரு வீடு, கொஞ்சம் நஞ்சை, ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி, மூன்று ஆண்பிள்ளைகள். இவற்றில் ஒழுங்காக உழைத்தது வண்டி மட்டும்தான். என்னையும் சேர்த்தால் பிள்ளைகள் நாலு. பாகப்பிரிவினை அன்று என்னை யாரும் சேர்க்கவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்குப் போட வேண்டியதப் போட்டு அனுப்பியாச்சுல்லா" என்றார்கள். காட்டிய இடத்தில் 'சுடலைவடிவு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டையும் வயலையும் அளந்து பிரித்தாயிற்று. வண்டிதான் சிக்கல். அந்த வயசான வண்டியை வாங்க ஆள் வரவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் மட்டும் ஆசையாகப் பார்த்துவிட்டுப் போனார். ஒருவர் வைத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் ஈடு கொடுக்கலாம் என்றால், கொடுக்கிற கை எங்கள் வீட்டில் எவனுக்கும் இல்லை. கடைசியில் பஞ்சாயத்துப் பேச வந்த பலசரக்குக்கடை அண்ணாச்சி, வயலைப் பிரித்த கையோடு வண்டியையும் பிரித்தார். எஞ்சினும் பேட்டரியும் மூத்தவன் மாடக்கண்ணுவுக்கு. சக்கரம், பிரேக், டீசல் டேங்க் என்று அடியில் இருப்பதெல்லாம் அடுத்தவன் இசக்கிமுருகனுக்கு. கேபின், பின்னால் சுமை ஏற்றும் பெட்டி, விளக்கு, ஹார்ன் எல்லாம் என் தம்பி மணிராஜுக்கு. அவரவர் பங்கு கெட்டால் அவரவர் செலவு. ஓட்டுவதற்கு, வாய்க்கால் தண்ணீருக்கு வைப்பதுபோல் ஆளுக்கு இரண்டு நாள் முறை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கூப்பிட்டவன்தான் கூலி தர வேண்டும். அதனால் எங்கள் வண்டி மெக்கானிக் முகத்தையே பார்த்ததில்லை, பராமரிப்பெல்லாம் வீட்டு வாசலில்தான். மாடக்கண்ணு ஆயில் குச்சியை உருவுவான், விரலால் தொட்டுத் தேய்ப்பான், மோந்து பார்ப்பான், "இன்னும் கொழகொழப்பு இருக்கு" என்று திரும்பச் செருகிவிடுவான். அதுதான் அவன் ஆயில் மாற்றுகிற லட்சணம். முருகன் டயர் வழுக்கை விழுந்த பிறகும் ஓட்டுவான். கேட்டால் "இப்பம்தான் ரோட்டுல ஒட்டிப் போகுது" என்பான். மணிராஜ் பங்கு மட்டும் பளபளவென்று இருக்கும். புது ஸ்டிக்கர், பாட்டுப் பெட்டி, மூன்று தினுசு ஹார்ன்.

பிரேக்கில்தான் பெரிய வில்லங்கம். மிதிக்கிற பெடல் கேபினுக்குள் இருப்பதால் மணிராஜுடையது. பிடிக்கிற டிரம் சக்கரத்தில் இருப்பதால் முருகனுடையது. வண்டி நிற்க வேண்டுமானால் அண்ணனும் தம்பியும் கலந்து பேச வேண்டும். பேச்சுவார்த்தை முறிந்த நாட்களில் மணிராஜ் கையை வெளியே நீட்டி ஆட்களை விலகச் சொல்லிக்கொண்டே போவான்.

நான் ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே ஆற்றோரம் ஒரு வாழைத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து இலை அறுக்கிறேன். என் வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், நான் பிறந்த வீட்டுத் தெருவிலேயே குடியிருக்கிறேன். இதுவரை ஹோட்டல் ஹோட்டலாக அலைந்து சில்லறையாகத்தான் விற்றேன். போன ஆவணியில்தான் வண்ணார்பேட்டைச் சமையல் ஒப்பந்தக்காரர் பாக்கியசீலன் அண்ணாச்சி ஒரு பெரிய மண்டபத்துக் கல்யாணத்துக்கு இலை சொன்னார்.

"இந்த ஒரு கல்யாணம் பாப்பேன், வடிவு. இலை நேரத்துக்கு வந்துட்டுன்னா இனி நான் எடுக்க கல்யாணத்துக்கெல்லாம் நீதான். வரலைன்னா பேப்பர் இலையப் போட்டுட்டுப் போய்ட்டே இருப்பேன்" என்றார்.

சோற்றைப் பேப்பரில் போடும் காலத்தில் இப்படி ஒரு இடம் கிடைப்பது சாமி கண் திறந்த மாதிரி. அதை விட்டுவிடக் கூடாது என்று இரண்டு வாரமாக அதே நினைப்பாக இருந்தேன்.

முகூர்த்த நாளில் வாடகை வண்டி எங்கும் கிடைக்காது. அன்று மணிராஜ் முறை என்பதால் அவனிடமே வாடகை பேசினேன். கூடப் பிறந்தவள் என்று அவன் குறைக்கவில்லை. முகூர்த்த நாள் என்று கூட்டித்தான் கேட்டான்.

விடிந்ததும் இலைக் கட்டுகளை ஏற்றி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினோம். மணிராஜ் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பித் தெரு முக்கு வரை போய், இரண்டு இருமல் இருமி நின்றது. மறுபடி திருப்பினான். கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது. அதற்குப் பிறகு எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. சத்தம் கேட்டு அண்ணன்மார் இருவரும் வந்துவிட்டார்கள்.

"என் எஞ்சின என்னலே செஞ்ச?" என்று மாடக்கண்ணு வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"நான் என்ன செய்ய? ஹார்ன் அடிக்கி, லைட்டு எரியுது. என் பங்குல ஒரு குறையும் இல்ல" என்று மணிராஜ் ஹார்னை அடித்துக் காட்டினான், மூன்று தினுசும்.

முருகன் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தான். "பாத்துக்கோங்க, டீசல் நிக்கி. நாளைக்கு என்னையச் சொல்லக் கூடாது" என்று தெருவில் போகிறவர்களுக்கும் அந்தக் குச்சியைக் காட்டினான்.

மாடக்கண்ணு தன் எஞ்சின் உத்தமன் என்று நிரூபிக்க மூடியைத் தூக்கினான். பழுதைக் கண்டுபிடிக்க எவனும் வண்டியைத் தொடவில்லை. பழுது தன்னுடையதில்லை என்று காட்டத்தான் ஆளுக்கொரு மூடியைத் திறந்தார்கள். டீசல் வடிகட்டிக்கு மேலே கையால் அமுக்குகிற சின்னப் பம்பு ஒன்று உண்டு. மாடக்கண்ணு பக்கத்துத் திருகைத் தளர்த்தி அதை அமுக்கினான். டீசலுக்குப் பதிலாக நுரைதான் வந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"காத்து வாங்குது. எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல, காத்து கீழ இருந்து வருது" என்றான்.

"கீழன்னா என் டேங்குங்கியா?" என்று முருகன் எகிறினான்.

இவர்கள் பேசிக்கொண்டே நிற்க, நான் குனிந்து பார்த்தேன். இலை என்னுடையது, அதனால் குனிந்தேன். டேங்கிலிருந்து வடிகட்டிக்குப் போகிற ரப்பர் ஓஸைத் தடவிக்கொண்டே வந்தபோது, கிளிப் பக்கம் அது பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையில் டீசல் வாடை. எஞ்சின் அந்த வெடிப்பு வழியாகக் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. என் ஓட்டைச் செருப்பைவிடப் பழைய ஓஸ். மாற்றினால் தீர்ந்தது.

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு முனை டேங்கில், ஒரு முனை எஞ்சினில். பலசரக்குக்கடை அண்ணாச்சி வண்டியைப் பிரித்த அன்று இந்த ஓஸை மறந்துவிட்டார்.

"டீசல் உன் டேங்குல இருந்துதான வருது? அப்போ ஓஸ் உன்னுது" என்றான் மாடக்கண்ணு.

"உறிஞ்சுதது உன் எஞ்சினு. இளநி குடிக்கவன்தான் குழல் வாங்கணும்" என்றான் முருகன்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள். அவர் கடையில் கூட்டம். "ஓஸா? அதப் பத்தி அன்னைக்குப் பேசலையே வே. எதுக்கும் பொதுவுல வைங்க. ஒருத்தர் மட்டும் தொட்டுராதீங்க, பின்னால வழக்கு வந்துரும்" என்று வைத்துவிட்டார்.

அதோடு கதை முடிந்தது. ஓஸை எவன் வாங்கினாலும் அது அவன் பங்காகிவிடும், அப்புறம் கெடும்போதெல்லாம் அவன் செலவு. மற்ற இருவருக்கும் வேறு பயம். ஓஸ் ஒருவன் கைக்குப் போனால் முழு வண்டியும் அவன் சொன்னபடிதான் ஓடும். ஆக எவனும் வாங்க மாட்டான், எவனையும் வாங்க விடவும் மாட்டான். தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான் என்பார்களே, அது எங்கள் வீட்டுக்காக வந்த பழமொழி.

"மூணு பேரும் சேந்து வாங்குங்களேன்" என்றேன்.

"மொதல்ல யாரு காசு போட?" என்றான் முருகன்.

வெயில் ஏறிவிட்டது. சாக்கு காய ஆரம்பித்தது. பாக்கியசீலன் அண்ணாச்சி போனில் வந்தார். "இலை எங்கன வருது?" என்று கேட்டார்.

"கிளம்பியாச்சு அண்ணாச்சி" என்று பொய் சொன்னேன்.

"பேப்பர் இலைக் கட்ட எடுத்துப் பக்கத்துல வச்சிருக்கேன், பாத்துக்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மூவரையும் அந்த வண்டிக்கடியிலேயே போட்டு மிதிக்கலாம் போல் இருந்தது. பிறந்த வீடு என்று இத்தனை நாள் மனசில் வைத்திருந்தேனே, அது இதுதானா? அழுதுகொண்டு நின்றால் இலை வாடிவிடும்.

"சரி. இந்த ஓஸ் உங்க யாருக்கும் வேண்டாம், அப்படித்தான?" என்று தெரு கேட்கக் கேட்டேன்.

"எனக்கு வேண்டாம்" என்றான் மாடக்கண்ணு.

"என்னுது இல்லவே இல்ல" என்றான் முருகன்.

"கேபினுக்குள்ள ஓஸே கிடையாதுக்கா" என்றான் மணிராஜ்.

பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டில் பீர் மைதீன் அண்ணாச்சியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஒரு முழ ஓஸ், இரண்டு கிளிப். திரும்பி வந்தபோது மூவரும் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஓஸை அறுத்தெறிந்துவிட்டுப் புதியதைச் செருகி, கிளிப்பை முறுக்கினேன். பம்பை அமுக்க அமுக்க முதலில் நுரை வந்தது, பிறகு நுரையும் டீசலுமாக வந்தது, கடைசியில் நல்ல டீசல் வந்தது. திருகை இறுக்கினேன். டீசல் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வேலைதான் இது. என் அண்ணன்மாருக்கும் தெரியும். மணிராஜ் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வண்ணார்பேட்டை நெரிசலில் மணிராஜ் பிரேக்கை நம்பாமல் ஹார்னை நம்பி ஓட்டினான். மண்டபத்துப் பின்வாசலில் பாக்கியசீலன் அண்ணாச்சி பேப்பர் இலைக் கட்டின் கயிற்றை அறுத்தேவிட்டார். எங்கள் இலையை ஒன்று விரித்துப் பார்த்தார். அந்தக் கட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, "அடுத்த முகூர்த்தத்துக்கும் கொண்டாந்துரு" என்றார்.

சாயங்காலம் வண்டி தெருவுக்கு வந்ததும் நான் கிளிப் இரண்டையும் கழற்றி, ஓஸை உருவி, டேங்க் முனையில் ஒரு துணியை அடைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். அடுத்த நாள் மாடக்கண்ணு முறை. காலையிலேயே வாசலில் நின்றான்.

"ஏட்டி, அந்த ஓஸத் தா. உரம் ஏத்தப் போணும்."

"அது என் பங்குண்ணே" என்றேன்.

"நீ நம்ம வீட்டுப் பிள்ள. பங்கு கிங்குன்னு பேசலாமா?"

"அதச் சொல்லித்தான என்கிட்டக் கையெழுத்து வாங்குனீங்க. இந்த ஓஸுக்கு நான் கையெழுத்துப் போடலையே."

அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். பீர் மைதீன் கடையில் இன்னொரு ஓஸ் வாங்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் முருகன் அந்தப் பக்கம் நடந்தால் மாடக்கண்ணு தடுக்கப் பின்னாலேயே ஓடினான். மாடக்கண்ணு நடந்தால் மணிராஜ் ஓடினான். வண்டி ஒருவன் முறையிலும் நின்றது, அடுத்தவன் முறையிலும் நின்றது. மாடக்கண்ணுவின் உர மூட்டை வயலுக்குப் போகவில்லை. முருகன் ஒப்புக்கொண்ட செங்கல் லோடு வேறு வண்டிக்குப் போனது.

அந்த வாரக் கடைசியில் மூவரும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன். முருகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிராஜ் காபியை ஊதிக்கொண்டிருந்தான். மாடக்கண்ணுதான் வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"உனக்கு எந்த நாள் வேணும்?" என்று கேட்டான்.

"முகூர்த்த நாளெல்லாம்" என்றேன்.