அவள் இன்னும் தயாராகவில்லை

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. வந்தவளுக்கு என்ன கஷ்டம் என்று அவளைத் தவிர மற்ற எல்லாரும் கூடிப் பேசுவோம். பேசி முடித்து அதற்கொரு பெயரும் வைத்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டும் அந்தப் பள்ளிக்கூட அறையில் நாங்கள் மூன்று பேர். தலைமை ஆலோசகர், நான், அப்புறம் பிட் நோட்டீஸ். யார் வந்து என்ன அழுதாலும் கையில் ஒரு விளக்கத் தாளைத் திணித்து அனுப்புவதால் அவருக்கு அந்தப் பெயர். அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு செருப்புக்கடைக்காரரின் தங்கையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம். அவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். வெளியூரில் பிசியோதெரபி படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

“தகவல் பத்தல சார். அந்த வேலையில என்ன செய்யணும்னே அவளுக்குத் தெரியாது,” என்றார் பிட் நோட்டீஸ், தாளைத் தேடியபடி.

“அதெல்லாம் தெரியும். பயம்யா. தப்பாப் போயிடுமோன்னு பயம்,” என்றார் தலைமை ஆலோசகர். நல்ல வேலை ஒன்று தேடி வந்தபோது பயந்து விட்டுவிட்டவர் அவர். நானும் சும்மா இருக்கவில்லை. அவளுக்குள் இரண்டு ஆசைகள் முட்டிக்கொள்கின்றன என்றேன். அவரவர் காய்ச்சலை அவள் நெற்றியில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலரைக்குத்தான் அவளை உள்ளே கூப்பிடத் தோன்றியது.

“எனக்குக் குழப்பமே இல்ல மேடம்,” என்றாள். “அந்தப் படிப்புதான் வேணும். எப்பவோ முடிவு பண்ணிட்டேன். சீட்ட உறுதி பண்ற ஓடிபி அண்ணன் போனுக்குத்தான் வரும். தர மாட்டேங்கிறார், ஏன்னும் சொல்ல மாட்டேங்கிறார். நீங்க ஒரு வார்த்தை பேசினா கேப்பார்.”

“அப்புறம் போன வாரம் ஏம்மா இங்க உக்காந்து அப்படி அழுத?” என்றார் தலைமை ஆலோசகர்.

“அவரத் தனியா விட்டுட்டுப் போகணுமேன்னு அழுதேன் சார்.”

நான் அவசரமாக அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நானும் அனுப்புறதாத்தான் இருந்தேன் மேடம்,” என்றார் அண்ணன். குரலில் கோபமே இல்லை. “அவ இன்னும் முடிவெடுக்கத் தயாராகலன்னு நீங்கதானே மெசேஜ் அனுப்பினீங்க? அதப் பாத்துதான் நிறுத்திட்டேன். தாயில்லாப் பொண்ணு. அங்க போய் அழுதா யார் பாப்பாங்க?”

முதல் சந்திப்பு முடிந்ததும் எங்கள் கணிப்பை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். மூன்று பேரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட வரி அது ஒன்றுதான்.

“அது தப்புங்க. நாங்க சரியாப் புரிஞ்சுக்கல. அவ தெளிவாத்தான் இருக்கா,” என்றேன்.

“போன வாரம் இல்லன்னீங்க, இன்னைக்கு இருக்கான்னு சொல்றீங்க. அவ அழுதிருப்பா, உங்க மனசும் இளகியிருக்கும். படிச்சவங்க நிதானமா உக்காந்து சொன்னதத்தான் நான் நம்புவேன்.”

கெஞ்சினேன். தலைமை ஆலோசகர் கெஞ்சினார். நாங்கள் பேசப்பேச, எங்களின் அந்த ஒரு வரிமேல் அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தபோதும் அவர் பொறுமையாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா,” என்றார் தங்கையிடம். “கடைக் கல்லாவுல இருந்த பொண்ணு வேலைய விட்டு நின்னுடுச்சு. நாளையிலிருந்து நீ வந்து உக்காரு. யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.”

அடுத்த வருஷம் என்று போன பிள்ளைகள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவள் மறுத்துவிடுவாள், கத்துவாள், போனைப் பிடுங்குவாள் என்று காத்திருந்தேன். முடிவெடுக்கத் தெரியாதவள் என்று நாங்கள் முத்திரை குத்திய பெண் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“சரிண்ணா,” என்றாள்.