கண்ணாடிக்குள் மாமா

எங்கள் ஊர்த் திரைப்பட விழாவில் இந்த வருடம் முதல் முறையாக உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கினார்கள். பஸ் டிரைவர் ஒருவர், நர்ஸ் ஒருவர், மருந்துக் கடையில் பில் போடும் நான் என்று பதினோரு பேர் எடுத்த படங்கள். நிபந்தனை ஒன்றுதான்: படம் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. என் படம் நாற்பது விநாடி தாண்டியது. மாமா நடித்த காட்சியும் சரியாக நாற்பது விநாடி.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இருவரும் சேர்ந்து சலூன் நடத்துகிறார்கள். படமே அந்தச் சலூனில்தான் நடக்கிறது. நீளமாக முடி வளர்த்த பாட்டுக்காரன் ஒருவன், ஆபீஸ் வேலைக்காக முடியை வெட்டிக்கொள்ள வருகிறான். வெட்டுவது அக்கா. மாமா மூன்று நாள் கடையை விட்டுக்கொடுத்தார், பதிலுக்கு ஒரே ஒரு வசனம் கேட்டார். கொடுத்தேன்: "முடிதானே தம்பி, மறுபடி வளரும்." பதினான்கு டேக் போனது. பதினான்கிலும் மனிதர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி கேமராவையே பார்த்தார். மற்ற நேரமெல்லாம் வெளிச்சத்தைத் திருப்ப, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார்.

அவர் காட்சியைத் தூக்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நீயே சொல்லிடு. அங்க வந்து அந்த மனுஷன் அவமானப்பட்டா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்," என்றாள் அக்கா. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். விழா அன்று மதியம் அரங்கு வாசலுக்குப் போய்ப் பார்த்தால், மாமா தேய்த்த சட்டையில் நிற்கிறார். பின்னால் அவர் வாடிக்கையாளர்கள் இருபது பேர். 'உரிமையாளர் நடித்த படம் வெளியாவதால் இன்று விடுமுறை' என்று கடைக் கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறாராம்.

"மாமா, ஒரு விஷயம்..."

"பேசாம வாம்மா. டைரக்டர் டென்ஷன் ஆகக்கூடாது."

முதலில் பஸ் டிரைவரின் படம். யாரோ பஸ்ஸில் விட்டுப்போன குடையின் கதை. விசில் பறந்தது, அவர் சக டிரைவர்கள் இருக்கை மேல் ஏறாத குறை. அடுத்தது என் படம்.

முதல் காட்சியிலேயே அரங்கில் சிரிப்பு. திரையின் இடது ஓரத்துக் கண்ணாடியில், அட்டையும் கையுமாக மாமா! என் ஓட்டை லேப்டாப்பின் திரையில் இடது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு எப்போதுமே கறுப்பு. அதில் உட்கார்ந்துதான் படத்தைத் தொகுத்தேன். எடுக்கும்போதோ என் கண் பாட்டுக்காரன் முகத்தைவிட்டு நகரவில்லை.

மானம் போச்சு என்று தலையில் கைவைத்தேன். ஆனால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கண்ணாடியில் மாமா ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. பாட்டுக்காரன் பேசப் பேச அவர் உதடும் கூடவே அசைந்தது. முடி தரையில் விழுந்தபோது, கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் தோளில் தேய்த்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

படம் முடிந்து என்னை மேடைக்கு அழைத்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருவர் மைக்கை வாங்கினார். "கண்ணாடியில தெரிஞ்சாரே, அவர் யாரு? அவர் அழுததும் நானும் அழுதுட்டேன். அவரை அங்க நிறுத்தணும்னு எப்படித் தோணுச்சு?"

அளந்துவிட்டிருக்கலாம். கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும்.

"எனக்குத் தோணவே இல்லைங்க. அவர் எங்க மாமா. அட்டை பிடிச்சிட்டு நின்னார், தெரியாம படத்துல விழுந்துட்டார். அவர் நிஜமா நடிச்ச சீனை நான் தூக்கிட்டேன். சொல்லப் பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க மாமா."

இருபது வாடிக்கையாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மெதுவாக எழுந்தார்.

"அந்த வசனமும் போச்சா?"

"போச்சு மாமா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

விழாவைப் படம்பிடித்துக்கொண்டிருந்த கேமரா அவர் முகத்துக்கு நேராகத் திரும்பியது. மாமா அதைச் சட்டை செய்யவே இல்லை. மேடையில் அழுதுகொண்டிருந்த என்னையே பார்த்தார்.

"முடிதானேம்மா," என்றார். "மறுபடி வளரும்."

பதினைந்தாவது டேக்கில் மனிதர் அசத்திவிட்டார்.