அய்யலுச்சாமிக்கு மாற்று

சர்வதேச ஆண்கள் மூவர் கூடைப்பந்துப் போட்டியில் செண்பகராஜுக்குப் பதிலாக அவனுடைய அப்பாதான் ஆட வேண்டும் என்று பதிவு மேசையில் சொன்னார்கள். செண்பகராஜ் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

தவறு அவனுடையதுதான். நுழைவுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு வரிசைக் கட்டங்கள் இருந்தன. கோவில்பட்டியில் அவனுக்குத் தெரிந்த யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அணியில் மற்ற இருவரும் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். செண்பகராஜ் எதையும் அரைகுறையாக விடமாட்டான். அப்பாவின் முழுப்பெயரை ஒரு கட்டம் விடாமல் நிரப்பினான். இப்போது அது ஜெர்சியின் முதுகில் இருந்தது.

"அய்யலுச்சாமிங்கிறது யாரு?" மேசைக்காரர் கேட்டார்.

"எங்க அப்பா சார்."

"அப்ப அவரு ஆடட்டும். நீங்க?"

"செண்பகராஜ்."

"அது முன்னாடி வர்ற பேரு தம்பி. முன்னாடி வர்றத நாங்க பாக்கிறதில்ல."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைப் படிவம் எடுத்தார். அணிக்கு மூன்று பேர் ஆடலாம். நான்காவதாக ஒருவர் மாற்று ஆட்டக்காரராக இருக்கலாம். அப்பாவுக்கு மாற்றாக மகன் இருக்க விதியில் இடமுண்டு. ஆனால் மகன் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

செண்பகராஜ் பாஸ்போர்ட்டை வைத்தான். ரேஷன் கார்டு ஜெராக்ஸை வைத்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழை வைத்தான். மேசைக்காரர் மூன்றையும் புறங்கையால் ஒதுக்கினார்.

"இதெல்லாம் கவர்மெண்டு குடுத்தது. அவரு குடுத்தது ஏதும் இருக்கா?"

செண்பகராஜ் எழுதிக்கொண்டிருந்த பேனாவையே கொடுத்தான். மேசைக்காரர் அதை உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

"எழுதுதே," என்றார். முத்திரை குத்திப் பேனாவைத் திருப்பித் தந்தார்.

அப்பா அந்தப் பேனாவைக் கொடுத்தது நான்கு வருடங்களுக்கு முன். அன்று மதுரையில் ரயில்வே தேர்வு. அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பர். தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மகனிடம் நீட்டினார். அவன் ஓடிவந்து ஏறுவதற்காக வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்தியும் வைத்தார். முப்பத்தொரு வருட வேலையில் அவர் தாமதமாக அனுப்பிய வண்டி அது ஒன்றுதான். செண்பகராஜ் மதுரையில் இறங்கி வேறு பஸ் பிடித்துத் திண்டுக்கல்லுக்குப் பந்தாடப் போனான். திரும்பி வந்து, காய்ச்சல், தேர்வு எழுத முடியவில்லை என்றான். மறுநாள் பேப்பரில் அவன் கோப்பையோடு நின்றான்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அதன்பின் அவனிடம் பேசவில்லை. பேச வேண்டியதை அம்மாவிடம் சொன்னார். ஒரே அறையில் மூவரும் இருந்தாலும் பேச்சு அம்மா வழியாகத்தான் போய் வந்தது.

அணித்தலைவன் காஜா மைதீன் டீ குடித்துவிட்டு வந்தான். செய்தியைக் கேட்டுத் தலையாட்டினான்.

"ஒங்கப்பாவுக்குப் பந்து போடத் தெரியுமால?"

"தெரியல."

"கேட்டுப் பாக்க வேண்டியதான?"

"நாங்க பேசிக்கிடுறதில்ல."

"நல்லதாப் போச்சு," என்றான் காஜா. "ஆட்டத்துல பேசுனா கவனம் செதறும்."

மேசையிலிருந்து ஆடுகளத்துக்கு ஒரு தாழ்வாரம் வழியாகப் போக வேண்டும். செண்பகராஜ் காலையில் நடந்தபோது நாற்பது அடி. இப்போது நூற்றுப் பத்து. தான்தான் முதலில் தவறாக எண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்தான். ஆனாலும் இரண்டையும் குறித்துக்கொண்டான்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். தாழ்வாரத்தில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஜெர்சி. முதுகில் அவர் பெயர். அவர் மகனைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் முந்தி வந்திருக்கு," என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் தலைகுனிந்தார்.

ஆடுகளம் பாதிதான் இருந்தது. ஒரே ஒரு வளையம். மறுபாதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்பா ஓரத்தில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். காஜா அவருக்கு விதிகளைச் சொன்னான். முதலில் இருபத்தொரு புள்ளி எடுக்கிற அணிக்கு வெற்றி. பந்து கைக்கு வந்து பன்னிரண்டு வினாடிக்குள் வளையத்துக்கு எறிந்துவிட வேண்டும்.

"பன்னெண்டா?" என்றார் அப்பா. "தாராளம்."

மாற்று ஆட்டக்காரருக்கும் ஒரு விதி உண்டு. செண்பகராஜ் அதை விதிமுறை வகுப்பில் படித்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தான். வளையத்துக்கு எதிரே உள்ள எல்லைக்கோட்டுக்கு வெளியில் அவன் நிற்க வேண்டும். ஆடுகிறவர் தானாக வெளியே வந்து அவனைத் தொட வேண்டும். தொட்டால்தான் உள்ளே போகலாம். யாரும் அழைக்கக் கூடாது. யாரும் தள்ளக் கூடாது.

நான்கு வருடம் தினமும் அதிகாலையில் பழகியது இந்த ஆட்டத்துக்காக. அப்பா தொடாவிட்டால் அவன் இந்தக் கோட்டுக்கு வெளியிலேயே நின்று ஊர் திரும்புவான். செண்பகராஜ் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றான். அது வேர்த்தது. இடது கையை நீட்டினான். இடது கை மரியாதையாக இருக்காதோ என்று தோன்றியது. மறுபடியும் வலதை நீட்டினான்.

எதிரணி மங்கோலியா. அப்பாவைத் தடுக்க வந்தவன் பெயர் தெமூர். ஆறே முக்கால் அடி. அப்பாவைக் கும்பிட்டுவிட்டு எதிரில் நின்றான்.

அப்பாவுக்குப் பந்து வந்தது. தூக்குச்சட்டியைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டார். பதினொரு வினாடி அசையவில்லை. கூட்டமும் அசையவில்லை. பன்னிரண்டாவதில் "ரைட்" என்று சொல்லி எறிந்தார். பந்து வளையத்தில் விழுந்தது.

அடுத்த முறையும் அப்படியே. ஏழாவது முறையும் அப்படியே. தெமூர் தடுக்கக் கை தூக்குவான். ஆனால் அப்பா ரைட் சொன்னதும் அவன் கை தானாக இறங்கிவிடும்.

செண்பகராஜ் எண்ணிக்கொண்டே இருந்தான். தன்னைவிட அப்பா நன்றாக ஆடுகிறார் என்று எழுதினான். அதை அடித்தான். மறுபடியும் எழுதினான்.

"தம்பி," அப்பா தெமூரிடம் சொன்னார், "கோட்டுக்கு அங்கிட்டு ஒருத்தன் கைய நீட்டிக்கிட்டு நிக்கான் பாருங்க. அவன்ட்ட சொல்லுங்க, ஷூ லேஸு அவுந்து கெடக்குன்னு."

தெமூர் திரும்பினான். "ஒங்க லேஸு அவுந்து கெடக்காம்."

"கட்டிக்கிடுதேன்னு சொல்லுங்க."

"கட்டிக்கிடுதாராம் அண்ணாச்சி."

"எப்பவாம்?"

"எப்பன்னு கேக்காவ."

செண்பகராஜ் குனிந்து கட்டினான். ஒரு கையால் கட்ட வரவில்லை. நீட்டிய கையை மடக்கும் நேரத்தில் அப்பா வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தான். அப்பா வரவில்லை.

"நீங்க நம்ம ஊர்ப் பக்கமா?" என்று காஜா தெமூரிடம் கேட்டான்.

"உலான்பாத்தர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

இருபதுக்கு இருபது ஆனது. இனி ஒரு புள்ளி எடுக்கிறவர்களுக்கு வெற்றி. பந்து காஜாவின் அணிக்கு; அதை எடுத்துக் கொடுக்க வேண்டியது தெமூர். அப்போது அப்பாவின் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. முதலில் எலுமிச்சை அளவு. பிறகு தேங்காய் அளவு. அவர் அதன்மேல் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார்.

"வெளிய வாங்கப்பா," என்றான் காஜா. "அவன் ஆடட்டும்."

"அழைக்கக் கூடாது," என்றார் நடுவர்.

அப்பா தெமூரைப் பார்த்தார். "அவன்ட்ட கேளுங்க தம்பி. அன்னைக்கு வண்டிய ரெண்டு நிமிஷம் நிறுத்தி வச்சனே, எதுக்குன்னு தெரியுமான்னு."

தெமூர் பந்தைத் தரையில் வைத்தான்.

"அண்ணாச்சி, இத நான் கேக்க முடியாது," என்றான். "மத்ததெல்லாம் சொல்லுதேன்."

வினாடிக் கடிகாரம் பன்னிரண்டில் நின்றது. ஆறு நாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா நடக்கத் தொடங்கினார். அந்தப் பாதி மைதானத்தின் நீளம் பதினொரு மீட்டர். செண்பகராஜே காலையில் அளந்தது. அப்பா நடக்க நடக்க அது கூடிக்கொண்டே போனது. அவர் நொண்டி நொண்டி வந்தார். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தார். செண்பகராஜ் ஓர் அடி முன்னால் வைத்தால் போதும், கை எட்டிவிடும். வைத்தால் விதிப்படி ஆட்டம் போய்விடும். அவன் வைக்கவில்லை. நோட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் இல்லை.

அப்பா கோட்டைத் தாண்டினார். மகன் முன்னால் நின்றார். நீட்டியிருந்த கையை அவர் பார்க்கவே இல்லை. புறங்கையை அவன் கழுத்தில், தாடைக்குக் கீழே வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது.

"காச்சல் இல்லையே," என்றார் அப்பா.

அதைச் சொல்ல இடையில் யாரும் இல்லை.

"இல்லப்பா," என்றான் செண்பகராஜ். "அன்னைக்கும் இல்ல."

"தெரியும்." கையை எடுத்தார். "போ. ரைட்டு."

"தொட்டது செல்லும்," என்றார் நடுவர்.

செண்பகராஜ் உள்ளே போனான். தரை வழுக்கியது. தெமூர் கும்பிட்டான். காஜா பந்தை அவனிடம் எறிந்தான். வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்குமுன், ஆடப்போகிறவர் கை தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெயரைப் படித்தார்கள்.

"அய்யலுச்சாமி."

செண்பகராஜ் கை தூக்கினான். ஓரத்தில் ஒரு செருப்பை மாட்டி மற்றதைத் தேடிக்கொண்டிருந்த அப்பாவும் தூக்கினார்.

நடுவர் இரண்டு கைகளையும் குறித்துக்கொண்டார்.