அண்ணனின் அட்டை

அண்ணனின் நூலக அட்டை என்னிடம்தான் இருக்கிறது, குள்ளி. தலையணைக்கு அடியில். பத்து முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் நேற்று ஏழாம் கிளையில் அதைக் காட்டியது யார்? எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே, அவசரமாக எழுதுகிறேன்.

உனக்குத்தான் தெரியுமே, எங்கள் வட்டாரத்தில் பதினான்கு நூலகங்களுக்கும் ஒரே அட்டை. எந்தக் கிளையில் புத்தகம் இருந்தாலும் கேட்டு வைத்தால் வேனில் வந்துவிடும். அண்ணன் விபத்தில் போன பிறகு, அவன் அட்டையை ரத்து செய்யச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள். செய்துவிட்டதாகப் பொய் சொன்னேன். ஓரிடத்தில் ரத்து செய்தால் பதினான்கு இடத்திலும் அவன் பெயர் போய்விடும். மனசு வரவில்லை.

போன மாதம் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். அவன் இரண்டாம் பாகத்தோடு பாதியில் விட்ட துப்பறியும் கதையின் மூன்றாம் பாகத்தை அவன் அட்டையிலேயே கேட்டு வைத்தேன். வட்டாரத்துக்கே ஒரே பிரதி. அதுவும் கடைக்கோடியில், பதினான்காம் கிளையில்.

இன்று சாயங்காலம் வேன்காரர் நீலப் பெட்டியை இறக்கினார். அண்ணன் பெயரில் வந்த புத்தகத்தைக் கேட்டேன். அவர் வேலைக்குப் புதுசு, அண்ணன் போனது தெரியாது.

"என்ன பாப்பா, உங்க அண்ணன் ஒரு புக்க ஊர் ஊரா வச்சுப் படிக்கிறாரு? இப்படிப் படிச்சா முதல் மார்க்குதான் போ!"

நூலக அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கணினியைத் திறந்தாள். பதினான்கு, பதினொன்று, ஒன்பது, நேற்று ஏழு. வழியில் நான்கு கிளைகளிலும் அவன் அட்டையைக் காட்டி அந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுடையது ஆறாம் கிளை.

"எவனாவது நம்பரத் தப்பா அடிச்சிருப்பான்டி."

"நாலு கிளையிலயுமாக்கா?"

நான் புத்தகத்தைப் பிரித்தேன். பக்க மூலைகள் முக்கோணமாக மடிந்திருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு மடிப்பாக. அப்படி மடித்ததற்காக எத்தனை முறை அவனோடு சண்டை போட்டிருக்கிறேன்! கடைசி மடிப்பு கடைசிப் பக்கத்தில்.

திரையின் அடியில் இன்னொரு வரி இருந்தது. நான்காம் பாகம். கேட்டவர்: அவன். நேரில் பெற்றுக்கொள்ளும் இடம்: ஆறாம் கிளை. நாள்: நாளை. சத்தியமாக அதை நான் கேட்கவில்லை.

"ஒரு பட்டன்தான்டி. இப்பவே ரத்து பண்ணிடவா?" என்றாள் அக்கா. நான் புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டேன். "சரி, காலைல பத்து மணிக்குத் திறப்பேன். யாரும் வர்றதுக்குள்ள வந்து சொல்லிடு."

ரத்து செய்யச் சொன்னால், வருவது அவனாக இருந்தால், உங்கள் பெயரே இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேண்டாம் என்றால், வருவது அவனாக இல்லாவிட்டால்?

குள்ளி, காலையில் அக்காவிடம் நான் என்ன சொல்வது?