மாடு என்ன தின்றது?

சொந்தக்காரர்கள் எல்லாரும் நேற்றோடு கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தவறிப்போனதிலிருந்து வீடு நிறைய ஆட்கள். வந்தவர்களுக்குப் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, அவர் எப்படிப் போனார் என்பதை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாயே மரத்துப்போனது. இன்று காலை நானும் மகளும் மட்டும்தான். ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது, ஒரு பக்கம் வீடு வெறிச்சென்று கிடந்தது.

விடிந்ததும் தொழுவத்துக்குப் போய் கருப்பிக்குத் தீனி போட்டேன். எங்களிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு பசுதான். தாயில்லாத கன்றாக வந்ததை அவர் பால்புட்டியில் வளர்த்தார். இப்போது நிறைசினை, இந்த மாதம் கன்று போட வேண்டும். "கெளம்பி எங்ககூட வந்துடும்மா, இங்க தனியா என்ன பண்ணப்போற?" என்று மகள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வீடு டவுனில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே என்னால் ஒரு வாரம் இருக்க முடியும், அதற்குமேல் பைத்தியம் பிடித்துவிடும். கன்று போடட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். அந்த மாடு இருக்கிற வரைக்கும்தான் நான் இந்த வீட்டில் இருக்கலாம். என்னிடம் வேறு சாக்கு இல்லை.

தீனி போட்டுவிட்டு வந்து முன்னறையில் அப்படியே உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசினார்கள். எங்கள் கொட்டகைக் கூரை காற்றில் பறந்தது, விடிந்து பார்த்தால் வேய்ந்திருந்தது என்றார் ஒருவர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தோம், வந்து பார்த்தால் வயலில் களை பறித்து முடிந்திருந்தது என்றார் இன்னொருவர். அவர் யாரிடமும் சொல்லமாட்டார். இருட்டில் போவார், வேலையை முடிப்பார், ஒன்றும் தெரியாதவர்போல் வந்து காபி கேட்பார். "எங்க போனீங்க?" என்றால் "சும்மா, காலாற நடந்துட்டு வந்தேன்" என்பார். காலாற நடந்தவரின் கை முழுக்கச் சேறாக இருக்கும்.

நல்ல மனுஷன், யார் இல்லையென்றது? ஆனால் ஊரே பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிச்சமிருந்த மனுஷன்தான் எனக்குக் கிடைத்தார். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். தோளைத் தட்டி எழுப்பி மிச்சத்தை நான் ஊட்டிவிட வேண்டும். கண்ணைத் திறக்காமலே மென்றபடி, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் முப்பது வருஷம் கோபப்படாமல் ஓட்டினேன். கோபப்படாமல் என்பது பொய். கோபப்பட்டு, ஆனால் விட்டுப் போகாமல் ஓட்டினேன்.

வெயில் ஏறியபோது மகள் பின்பக்கமிருந்து கூப்பிட்டாள். "அம்மா, கருப்பி ஒரு மாதிரி நிக்குது. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். இடது பக்க வயிறு முதுகெலும்புக்கு மேலே உப்பியிருந்தது. அசை போடவில்லை. நாக்கை நீட்டி மூச்சுவிட்டுக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தது. காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டது. தட்டினேன், கல்லைத் தட்டின மாதிரி இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மகள் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

அவர் பைக்கில் வந்து இறங்குவதற்குள் அக்கம்பக்கத்தில் செய்தி பரவி மூன்று பேர் வந்துவிட்டார்கள். பக்கத்து வயல்காரர் வாய் ஓயாதவர், அதனால் அவருக்கு ரேடியோ என்று பெயர்; என் வீட்டுக்காரரை மாப்ள என்பார். எதிர்வீட்டுத் தையல்காரி கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தாள். தெருமுனை லாரிக்காரர் எங்கள் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார், உடன்பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "மாடு என்னம்மா தின்னுச்சு?"

"எப்பவும் போடறதுதான். தவிடும் கொஞ்சம் வைக்கோலும்."

"அதுக்கு இப்படி உப்பாது. வேற யாரு போட்டது?"

மகள் என்னைப் பார்த்தாள். "நானும் தவிடு கரைச்சு வச்சேன். நீ உக்காந்திருந்தியேம்மா, போடலைன்னு நெனச்சேன்."

"அப்பவும் கணக்கு ஒதைக்குதே" என்றார் டாக்டர்.

தையல்காரி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினாள். "நான் ஒரு குண்டான் சோளக் குருணை வச்சேன். எல்லாரும் போயிட்டாங்க, அக்கா தனியா என்ன பண்ணும்னு விடியறதுக்கு முன்னாடியே வந்து..."

லாரிக்காரர் தரையைப் பார்த்தபடி, "புண்ணாக்கு ஊறவச்சு ஒரு தொட்டி" என்றார். "லோடு ஏத்தப் போற வழியில வச்சுட்டுப் போனேன்."

எல்லாரும் ரேடியோவைப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அது அணைந்திருந்தது.

"நீங்க?" என்றார் டாக்டர்.

"ஒரு கட்டு இளம் தீவனம். பனி காயல. மாப்ள இருந்தா என் வீட்டு மாட்டுக்கு இப்படித்தான் செஞ்சிருப்பான்னு..."

"ஒத்த மாட்டுக்கு அஞ்சு பேரு விருந்து வச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். "அதுவும் பாவம், வேணாம்னா சொல்லும்?"

டாக்டர் பையிலிருந்து நீளமான ரப்பர் குழாயை எடுத்தார். குழாய் வழியாகக் காற்று வெளியே வந்தால் பிழைக்கும், வராவிட்டால் வயிற்றைக் குத்தித்தான் ஆக வேண்டும், கன்று தாங்குமா என்பது சொல்ல முடியாது என்றார். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு மூன்றாவது மாடிப் படிக்கட்டு கண்ணில் தெரிந்தது.

முன்கால் மேட்டில் இருக்கும்படி மாட்டை நிறுத்தினோம். லாரிக்காரர் கொம்பைப் பிடித்தார், ரேடியோ கழுத்தைக் கட்டிக்கொண்டார், நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். குழாய் உள்ளே போனது. காற்று வரவில்லை, நுரை மட்டும் வந்தது. டாக்டர் குழாய் வழியாக எண்ணெய் ஊற்றினார், வயிற்றைப் பிசைந்தார், குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினார். கருப்பியின் கண் வெள்ளையாகத் தெரிந்தது. எல்லாரும் அன்போடு ஊட்டி ஊட்டியே ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்கிறோமே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிறகு குழாயின் மறுமுனையில் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. வந்த நாற்றத்தில் தையல்காரி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். டாக்டர் மட்டும் அதைப் பூவாசனைபோல் முகர்ந்துகொண்டு நின்றார். வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. மாடு பெருமூச்சுவிட்டு, நின்ற இடத்திலேயே சாணி போட்டது.

"பொழைச்சுது" என்றார் டாக்டர். "கன்னும் அசையுது. நாளைக்கு வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க. ஒருத்தர் கூடவே இருந்து மெதுவா நடத்துங்க. மறுபடி உப்புச்சுன்னா உடனே கூப்பிடுங்க."

அவர் போன பிறகும் மூன்று பேரும் போகவில்லை. தப்பு செய்த பிள்ளைகள்போல் வரிசையாக நின்றார்கள். தையல்காரிதான் அழுதுகொண்டே பேசினாள்.

"வேற எப்படி செய்யறதுன்னு எங்களுக்குத் தெரியலக்கா. அண்ணன் எங்களுக்கு இப்படித்தானே செஞ்சாரு? ஒரு நாளும் சொல்லிட்டு செய்யல."

"ஆமா, சொல்லல" என்றேன். "நெஞ்சு வலிச்சதையும் சொல்லல."

அதை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்தார், சாய்ந்தார் என்பதோடு கதையை நிறுத்திக்கொள்வேன்.

"நாலஞ்சு நாளாவே வலி இருந்திருக்கும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அந்த நாலஞ்சு நாளும் மனுஷன் இருட்டுல எந்திரிச்சு யார் வேலையையோ செஞ்சிருக்காரு. மம்பட்டிய ஊனிக்கிட்டு நிக்கறதப் பாத்துட்டு என்னங்கன்னு கேட்டேன். வாயுன்னாரு. முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீங்க எல்லாரும் தூக்கிட்டு ஓடியிருப்பீங்க. லாரியே வீட்டு வாசல்லதான நின்னுச்சு."

லாரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேடியோ, "எங்க வாய்க்காலத்தான் வெட்டிட்டிருந்தான், தங்கச்சி. கடைசி நாளு" என்றார்.

அவர்களைக் குத்திக்காட்ட நான் அதைச் சொல்லவில்லை. அவர்மேல் இருந்த கோபம் அது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபப்பட்டால் ஊர் என்ன சொல்லும் என்று இத்தனை நாளும் விழுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது கொட்டிவிட்டேன்.

"இனிமே வாசல்ல நின்னு ஒரு குரல் குடுத்துட்டு வாங்க" என்றேன். "என்ன செய்யப்போறீங்கன்னு சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றேன்."

"வேணும்னா?" என்று கேட்டாள் தையல்காரி.

அவரோடு இருந்து இருந்து எனக்கும் வேண்டியதை வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முடியல" என்றேன். "நிக்கக்கூட முடியல. யாராச்சும் மாட்டப் புடிங்க."

லாரிக்காரர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். நான் உள்ளே போய்ப் படுத்தேன்.