ஜுபோவின் அய்யய்யோ

வாயைக் கொடுத்து வம்பை வாங்கினாள் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். ஜஸீலா விஷயத்தில் அது வெறும் பேச்சு இல்லை. அவள் நிஜமாகவே வாயைத்தான் கொடுத்தாள், அதற்குச் சம்பளமும் வாங்கினாள்.

2001ஆம் வருஷம். ரங்கூனில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு கேம் கடை. அரை மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டிவிட்டுப் பிள்ளைகள் டிவிப் பெட்டி முன்னால் தவம் கிடக்கும். அதில் எல்லோரும் விளையாடியது ஜுபோ. தலையில் விளக்கு கட்டிய மஞ்சள் அணில். மரத்துக்கு மரம் தாவுவான், தவறினால் தொப்பென்று விழுவான். கேமில் அவனுக்குப் பேச்சே கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் அதையே கார்ட்டூன் தொடராக்கி அவனை வாயாடியாக்கிவிட்டார்கள். அது சனிக்கிழமை காலைகளில் இங்கே டிவியில் வர ஆரம்பித்தபோது, பர்மியத்தில் பேசிக்கொடுக்கும் வேலை லான்மடாவில் இருந்த ஒரு சின்ன டப்பிங் ஸ்டூடியோவுக்கு வந்தது. ஜுபோவுக்குப் பேசியவள் ஜஸீலா.

முப்பத்தாறு வயதுக்காரிக்குப் பத்து வயதுப் பையன் குரல். அது ஆண்டவன் கொடுத்தது. பர்மியமோ, பிறந்த மண்ணின் பாஷை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மண்டலேக்காரி என்பார்கள். ஆனால் தொடர் முடிந்து ஓடும் எழுத்தில் அவள் பெயர் வராது. டைரக்டர் ஊ மின் லுவின் என்பவரின் பெயர் வரும், ஒலிப்பதிவாளர் பெயர் வரும், டீ வாங்கிக் கொடுத்தவன் பெயர்கூட வரும். மகள் அப்ஸானா பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரியத் துடித்தபோது, "யாரும் நம்ப மாட்டாங்கடி. உம்மா பேரு டிவியில வரட்டும், அப்ப சொல்லு" என்று அடக்கி வைத்தாள். அந்த ஆசை அவளுக்கும் உள்ளுக்குள் கிடந்து குடைந்தது.

ஜுபோவின் வாயில் அய்யய்யோ வந்து விழுந்த கதை இதுதான். ஸ்டூடியோவில் பதிவு நடக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது, சத்தம் ஏறிவிடும். சுவரெல்லாம் பழைய கம்பளி, உள்ளே அடுப்படி வெக்கை. ஜுபோ மலை உச்சியிலிருந்து விழுகிற காட்சி. எழுதிக் கொடுத்த தாளில் 'கத்தவும்' என்று மட்டும் இருந்தது. பர்மியர்கள் என்றால் 'அமலே' என்பார்கள், அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் க்ரீச்சென்று சறுக்கியது. "அய்யய்யோ!" என்று அலறிவிட்டாள். மூன்று தலைமுறையாக இந்த ஊர்ச் சோறு தின்றாலும், விழும்போது வாயில் வருவது அதுதானே!

ஒலிப்பதிவாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டைரக்டர் கையைத் தட்டி, "இதுதான் வேணும், மாத்தாதே" என்றார்.

அடுத்த மாதம் ரங்கூன் பூராவும் அய்யய்யோதான். கேம் கடையில் ஜுபோ செத்தால் பர்மியப் பிள்ளைகள் கோரஸாக அய்யய்யோ. பஸ்ஸில் பிரேக் போட்டால் அய்யய்யோ. ஜஸீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்டுக் கடை வைத்திருந்த புருஷன் ஜாபிரிடம், "நம்ம பேச்சு ஊரெல்லாம் பேசுதுங்க" என்று பூரித்துப்போனாள். அவர், "பேசட்டும், பேசட்டும்" என்று மட்டும் சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவளுக்கு மகள்தான் காட்டிக்கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் அப்ஸானா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பள்ளிச் சீருடைப் பச்சை லுங்கியில் ரத்தம், முன்பல்லில் பாதி இல்லை.

"என்னடி இது? எங்க விழுந்தே?"

"விழலை. தள்ளி விட்டானுங்க."

"எதுக்குடி?"

"நான் ஜுபோ மாதிரி கத்துவேனாம். 'கலா பொண்ணு விழுந்தா அய்யய்யோன்னு கத்தும், கேக்கலாம் வா'ன்னு படியில கால விட்டானுங்க. தினமும்தான் விடறானுங்க. இன்னிக்குத்தான் பல்லு போச்சு."

கலா என்பது இந்தியக் கூட்டத்தை இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை. வீட்டில் அதை யாரும் வாயில் எடுப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை அதைத் தண்ணீர் குடிப்பது மாதிரி சொன்னாள்.

"நான் கத்தலை உம்மா. பல்லு உடையறப்பவும் வாயை மூடிக்கிட்டேன்" என்றாள் பிள்ளை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

ஜஸீலாவும் சேர்ந்து அழுதாள். மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அல்லா மேல ஆணையாச் சொல்றேன், இனிமே அந்தச் சொல்லு என் வாயில வராது. சனியன் பிடிச்ச சொல்லு. ஜுபோ இனி அமலேன்னுதான் கத்துவான். கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துடும், பாரு" என்றாள்.

"ஆணையா?"

"ஆணைதான்டி, என் கண்ணே."

தொடரின் இரண்டாம் சுற்றுக்குப் பதிவு தொடங்கிய அன்று, டைரக்டர் தாளைக் கொடுக்கும்போதே, "ஒவ்வொரு பாகத்துக்கும் ஏழெட்டு அய்யய்யோ வேணும், மா ஜஸீலா. நல்லா உங்க ஆளுங்க மாதிரி இழுத்து" என்றார்.

"மன்னிச்சுக்குங்க சயா. அமலேதான் சொல்வேன்." சயா என்றால் அங்கே ஐயா, வாத்தியார், எல்லாம்தான். ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு மா என்று பெயருக்கு முன்னால் போடுவதும் மரியாதைக்குத்தான்.

"ஏன்? என்ன ஆச்சு?"

மகளின் பல்லைச் சொன்னாள். படியைச் சொன்னாள். கலா என்ற சொல்லை மட்டும் சொல்ல நாக்கு வரவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள். அவரோ வெற்றிலையை மென்றுகொண்டே, "பிள்ளைங்க அப்படித்தான். சரி, உன் இஷ்டம், அமலேயே சொல்லு" என்றார். "இந்தத் தடவை உன் பேரையும் போடச் சொல்லிட்டேன்."

இவ்வளவு நல்ல மனுஷனா என்று நினைத்துக்கொண்டே மைக் முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்கத் தாளில் எங்கெல்லாம் 'கத்தவும்' என்று இருந்ததோ அங்கெல்லாம் அமலே, அமலே, அமலே. வேகாத வெக்கையில் குரல் கட்டும் வரை கத்திக் கொடுத்தாள். வீடு இருக்கிற தின்கன்ஜூனுக்கு பஸ் ஏறிப் போகும்போது, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை வந்தது. தெருவில் கரண்ட் இல்லை. ஜாபிர் கடை பாட்டரியைக் கொண்டுவந்து டிவிக்குக் கொடுத்திருந்தார். அதனால் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அப்ஸானாவின் வகுப்பு. ஜஸீலா எல்லோருக்கும் கிண்ணத்தில் மொஹிங்கா, அதுதான் மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ், கொடுத்தாள். மகளைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவளும் உடைந்த பல் தெரியச் சிரித்தாள்.

ஜுபோ வந்தான், பேசினான். முதல் கிளை முறிந்தது.

"அய்யய்யோ!"

கூடம் அதிர்ந்தது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஜஸீலாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. மொத்தம் ஒன்பது. கத்திக் கொடுத்த அமலே ஒன்றுகூட இல்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு அய்யய்யோவின் அடியிலும் க்ரீச்சென்று மெலிதாக ஒரு சத்தம். பழைய நாற்காலி. அன்றைக்குப் பதிவான அந்த ஒரே கூச்சலை வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார்கள், படுபாவிகள்!

முடிவில் எழுத்து ஓடியது. டைரக்டர் வாக்குத் தவறவில்லை. ஜுபோ படத்துக்குக் கீழே, பெரிதாக, மற்ற எல்லோருக்கும் முன்னால்: மா ஜஸீலா.

"அப்ஸானா, உங்க அம்மா பேரு!" என்று வகுப்புப் பையன் ஒருவன் கூவினான். எட்டுத் தலையும் திரும்பின. "ஆண்ட்டி, நீங்களா? நெஜமாவா? ஒரு தடவை கத்திக் காட்டுங்க ஆண்ட்டி!"

ஜாபிர் எழுந்து பிள்ளைகளை வெளியே அனுப்பினார். அவர்கள் தெரு நெடுக அய்யய்யோ, அய்யய்யோ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், நடுநடுவே அப்ஸானா பெயரையும் சேர்த்துக்கொண்டு.

அப்ஸானா இடத்தைவிட்டு அசையவில்லை. "அல்லா மேல ஆணைன்னு சொன்னியே" என்றாள்.

"நான் சொல்லலைடி! அது பழசு. அந்த நாற்காலிச் சத்தம் அதுல இருக்கு, க்ரீச்சுன்னு. சத்தியமா இருக்குடி. இரு, இரு, அடுத்த வாரத்துக் கதையக் காட்டறான் பாரு, நல்லாக் கேளு."

திரையில் அடுத்த வாரத்து முன்னோட்டம் ஓடியது. ஜுபோ பாலத்திலிருந்து விழுந்தான். "அய்யய்யோ!" ஜஸீலாவின் காதில் அந்த க்ரீச் முள்ளாகக் குத்தியது. "இந்தா, இந்தா, கேட்டியா?" என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பிள்ளை நிஜமாகவே கேட்டுப் பார்த்தாள். பெட்டியின் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டாள். ஜுபோ இன்னொரு தடவை விழுந்தான்.

"உன் சத்தந்தான் உம்மா கேக்குது" என்றாள்.